மடக்கி வைக்கும் ஏடு

எழுத்தைத் தாங்கும் பரப்பு கல்லானாலும் ஓலையானாலும் கண்ணாடியானாலும் அதனிடம் இரண்டு வேலைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. விரித்தால் கண் நிறையத் தெரிய வேண்டும்; எடுத்துக்கொண்டு கிளம்பினால் கைக்குள் அடங்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இந்த இழுபறிக்கு மனிதர் கண்ட பழைய விடை மடிப்பு. திரையையே இரண்டாக மடக்கும் சாம்சங் கேலக்ஸி ஃபோல்ட் 2019 அக்டோபரில் ₹1,64,999 விலையில் இந்தியாவுக்கு வந்தது. அது உண்மையில் பயன்படும் பொருளா, விற்பனைக்காக ஊதிப் பெருக்கிய புதுமையா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்னும் ஓயவில்லை. அந்தக் கேள்வியை நிறுத்துப் பார்க்கப் புதுக்கோட்டை மாவட்டம் நல்ல இடம். ஈராயிரம் ஆண்டுகளாக இங்கே எழுத்து பாறையிலும் ஓலையிலும் தாளிலும் தங்கி வந்திருக்கிறது. எது மடிந்தது, எது மடிய மறுத்தது, மடித்த இடத்தில் எது ஒடிந்தது என்பதை இந்த மண்ணின் எழுத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் இருப்பது மடியவே மடியாத பரப்பு. சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. சமணத் துறவியர் படுப்பதற்காகப் பாறையைத் தேய்த்து வழவழப்பாக்கிய 17 படுக்கைகள் அங்கே இருக்கின்றன. அவற்றுள் பெரியதன் ஓரத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு ஓடுகிறது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது எனக் கல்வெட்டறிஞர் பலர் அதற்குக் காலம் கணிக்கின்றனர். யாருக்காக யார் அமைத்த படுக்கை என்பதே செய்தி. அந்தப் படுக்கையை விட்டு அகன்றால் அந்த வரிக்குப் பொருளே இல்லை. எடுத்துச் செல்ல வேண்டாத செய்திக்கு எடுத்துச் செல்ல முடியாத பரப்பு; பொருத்தம் முழுமையானது.

குடுமியான்மலைக்கு வரும்போது நிலை மாறுகிறது. திருநலக்குன்றம் என்று பழைய கல்வெட்டுகள் குறிக்கும் இந்த ஊரில், மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில் 38 வரிகள். எழுத்து ஏழாம் நூற்றாண்டுக் கிரந்தம். மத்திமகிராமம், சட்சகிராமம் தொடங்கி ஏழு பிரிவுகளாகச் சுரக் கோவைகள் நான்கு நான்காக அடுக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனான, சிவபக்தனான ஓர் அரசன் மாணவர் நலனுக்காக இதைச் செய்வித்தான் என்று முடிவுரை கூறுகிறது. அவன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனே என நெடுங்காலம் எழுதி வந்தனர். அதை ஏற்காதவர்களும் உண்டு. அரசன் யார் என்பதைக் காட்டிலும் இங்கே பாடத்தின் அமைப்பே முக்கியம். இது வரி வரியாக ஓதி முடித்துவிடும் செய்யுள் அல்ல. ஒரு கோவையை மேலும் கீழும் உள்ள கோவைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பிரிவின் முடிவு அடுத்ததன் முடிவிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கண் தாவ வேண்டும். மொத்தத்தையும் ஒரே பார்வையில் விரித்து வைத்தால்தான் இந்தப் பாடம் பிடிபடும். சில எழுத்துகளுக்கு அகலம் ஓர் ஆடம்பரம். இதற்கு அதுவே உயிர்.

கல்லின் உறுதியையும் அளவுக்கு மீறி நம்பிவிட முடியாது. இதே மரபைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஒன்று திருமயம் சத்தியகிரீசுவரர் குடைவரையிலும் இருந்தது. இன்று அதில் எஞ்சியிருப்பவை துண்டுகள் மட்டுமே. 13ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே எழுந்த வழக்கு தீர்ந்தபோது, அந்தத் தீர்ப்பைப் பொறிக்க இடம் தேவைப்பட்டது. பழைய எழுத்தைச் சிதைத்து அதன் மேலேயே புதியதை வெட்டிவிட்டார்கள். இசையை இழந்து வழக்கைப் பெற்ற அந்தப் பாறை, இந்த மாவட்டத்து எழுத்து வரலாற்றின் பெரிய இழப்புகளுள் ஒன்று.

கல்வெட்டுகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் மறந்துபோகும்: கல் கடைசிப் படி, முதற்படி ஓலை. சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொள்ளத் திருமந்திர ஓலை என்ற அலுவலர் இருந்தார். அவருக்கு மேலே திருமந்திர ஓலை நாயகம். ஆணை ஓலையில் எழுதப்பட்டு, உரியவர்கள் ஒப்பமிட்டு, ஊர் ஊராகப் பயணப்பட்டு, நாட்டாரும் சபையாரும் பெற்ற பிறகே கோயில் சுவருக்கு ஏறியது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் தொகுத்து வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் கொடைகளும் ஆணைகளும் ஏராளம். அந்தச் சுவரெழுத்துக்கு முன்னே நடந்து வந்த ஓலைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. நிலைத்து நின்றது கல். ஊர் ஊராக நடந்து ஆட்சியை நடத்தியது ஓலை.

அந்த ஓலை எப்படிப் பயணம் செய்தது என்பதைத் தமிழ்ச் சொல் ஒன்றே காட்டிக்கொடுக்கிறது. கடிதத்துக்குப் பழந்தமிழில் முடங்கல் என்று பெயர். முடங்கு என்றால் வளை, சுருள். எழுதிய ஓலையைச் சுருட்டி, சுருளின் வாயில் களிமண் வைத்து இலச்சினை பதித்து அனுப்பினார்கள். மாதவியிடமிருந்து கோவலனுக்கு வந்த கடிதம் மண் இலச்சினையிட்ட முடங்கலாகவே சிலப்பதிகாரத்தில் சொல்லப்படுகிறது. செய்தி எழுதிய பரப்பை விட்டுவிட்டு அதைச் சுருட்டிய செயலைக் கொண்டு கடிதத்துக்குப் பெயர் வைத்த மொழி இது. எழுத்துக்கும் மடிப்புக்கும் உள்ள உறவைத் தமிழர் எவ்வளவு முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முடங்கலில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓலையை யாரும் தாளைப் போல விளிம்பு படிய மடிக்கவில்லை. காய்ந்த பனையோலையைக் கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கத்து நார்கள் நீண்டு தெறிக்கும், உட்பக்கம் நொறுங்கும். சுருளில் அந்த விசை ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுவதும் பரவுகிறது. மெல்லிய ஓலையை அகன்ற வளைவாகச் சுருட்டினால் சேதமில்லை; தடித்த ஓலையை இறுக்கிச் சுருட்டினால் கீறல் விழும். தகட்டின் கனமும் வளைவின் ஆரமும் சேர்ந்தே பிழைப்பதா ஒடிவதா என்பதை முடிவு செய்கின்றன. கனத்தைப் பாதியாக்கினால் இழுப்பும் பாதியாகும். ஆரத்தை இரட்டித்தாலும் அப்படியே. இருபத்தோராம் நூற்றாண்டில் மடக்குத்திரை செய்ய முனைந்தவர்கள் போராடியதும் இதே கணக்கோடுதான்.

நீண்ட நூல்களுக்குச் சுருள் உதவாது. அதற்கு வந்தது சுவடி. புதுக்கோட்டையின் வறண்ட செம்மண் நிலத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. ஓலையை வாரி, ஈர்க்கு நீக்கி, வேகவைத்து உலர்த்திப் பாடம் செய்தால் எழுதத் தக்க ஏடு கிடைக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம், முப்பது நாற்பது சென்டிமீட்டர் நீளம் என்பது பொதுவான அளவு. எழுத்தாணியால் கீறி, கரியும் இலைச்சாறும் கலந்த மையைத் தடவித் துடைத்தால் எழுத்து பளிச்சிடும். புள்ளி வைத்தால் ஓலையில் பொத்தல் விழும் என்பதால் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது; பரப்பின் பலவீனத்துக்கு எழுத்தே வளைந்துகொடுத்தது. ஏடுகளில் கண் என்னும் துளைகள் இட்டு, ஒன்றில் நாராசம் என்ற ஆணியும் மற்றொன்றில் கயிறும் கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். கயிறு நழுவாதபடி அதன் நுனியில் கிளிமூக்கு.

சுவடி என்பது மடிப்பின் இன்னொரு வடிவம். பெரிய பரப்பை வளைப்பதற்குப் பதில் அதைப் பல துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அசையும்படி ஒரு கீல் போட்டுவிட்டார்கள். கயிற்றைத் தளர்த்தினால் ஏடு புரளும், இறுக்கினால் கட்டு. அந்தக் கீலே அதன் நோயிடமும் ஆனது. ஏடு ஒடியத் தொடங்குவது பெரும்பாலும் கண்ணைச் சுற்றித்தான். கயிறு உராயும் இடத்தில் விளிம்பு சிதைந்து அருகிலுள்ள எழுத்தையும் கொண்டுபோகும். செப்பேட்டிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். ஆனைமங்கலக் கொடையைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. வளையமும் முத்திரையும் சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. வளையத்தில் கோத்ததால் ஏடுகள் புரள்கின்றன. ஆனால் கையில் ஏந்திப் படிக்கும் பொருளாக அது எந்நாளும் இருந்திருக்க முடியாது. மடிகிறது என்பதாலேயே ஒன்று சுமக்க எளிதாகிவிடுவதில்லை.

தாள் வந்த பிறகு மடிப்பு அன்றாட வேலையாயிற்று. திருமயம் வட்டாரத்தில் ராயவரம், அரிமளம், குழிபிறை, பனையப்பட்டி, ராங்கியம் போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் கணக்கையே உயிராகக் கருதியவர்கள். அவர்களின் கணக்குப் புத்தகத்துக்குப் பேரேடு என்று பெயர்; தாளில் எழுதிய பின்னும் ஏடு என்ற சொல் விலகவில்லை. மூன்றாண்டுக் கெடுவுக்குக் கடையில் இருந்த ஏஜெண்டு, வரவு செலவைச் சுருக்கி ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார். பேரேடு கடையை விட்டு நகராது. அதன் சாரம் மடித்த தாளாகக் கடல் கடக்கும். அகன்ற பரப்பு ஓரிடத்திலும் அதன் சுருக்கம் பயணத்திலும் என்ற இந்தப் பிரிவினை வணிகத்தின் அனுபவத்தில் விளைந்த ஏற்பாடு. திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தத்துக்கு மட்டும் ஓலை நெடுநாள் நீடித்தது. சடங்குக்குப் பழைய பரப்பின் மதிப்பு தேவைப்பட்டது.

சாதாரண மக்களுக்கு முடங்கல் மறுபடி கிடைத்தது 1950இல், அஞ்சல் துறை கொண்டுவந்த இன்லேண்ட் லெட்டர் வடிவில். நீல நிறத்தில் ஒரே தாள். அதுவே கடிதம், மடித்து ஒட்டினால் அதுவே உறை. அதற்கு முன் 1879 முதல் இருந்த அஞ்சலட்டை மடியாதது. அதில் எழுதியதைத் தபால்காரர் தொடங்கித் திண்ணையில் இருப்பவர்வரை யாரும் படிக்கலாம். மடிப்பு மறைவைக் கொடுத்தது. அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கமிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போன ஆண்டுகளில் அந்தப் பணியை ஏரோகிராம் செய்தது. எழுத இடம் போதாமல் மடிப்பு விளிம்புகளிலும் ஒட்டும் பகுதியின் உட்புறத்திலும் நுணுக்கி எழுதிய வரிகள் அந்தத் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். கிழிக்கும்போது அந்த வரிகளே முதலில் சேதமாகும்.

நில வரைபடம் தாளின் மடிப்பைக் கடுமையாகச் சோதித்த பொருள். வயல் எல்லையைப் பார்க்க வரைபடம் முழுதாக விரிய வேண்டும். வரப்பில் நடக்கும்போது பையில் அடங்க வேண்டும். திரும்பத் திரும்ப மடித்த தாள் முதலில் மடிப்புகள் குறுக்கிடும் புள்ளியில் ஓட்டையாகும், பிறகு கோடு வழியே பிரியும். இதற்கு நில அளவையாளர் கண்ட வழி அருமையானது. வரைபடத்தை முன்கூட்டியே சதுரங்களாக வெட்டி, இடையே நூலிழை இடைவெளி விட்டு, கெட்டித் துணியில் ஒட்டிவிடுவது. மடியும் வேலை துணிக்கு, படிக்கும் வேலை தாளுக்கு. ஒடியக்கூடிய பொருளை மடிக்காமல் மடியக்கூடிய பொருளை அதன் பின்னே வைப்பது என்ற இந்த எண்ணம் மற்ற நாடுகளிலும் தோன்றியிருக்கிறது. கன்னட நாட்டில் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசிய துணியை விசிறி போல் மடித்துக் கடதம் என்ற கணக்கேடு செய்தார்கள். சிருங்கேரி மடத்தில் அத்தகையவை சேர்ந்திருந்தன. சயாமில் கொய் மரப்பட்டைத் தாளை அப்படியே மடித்து நூலாக்கினார்கள்.

புதுக்கோட்டையில் நடந்த மடிப்புகளிலேயே வியப்பானது பாறையை மடித்ததுதான். அந்த வேலைக்கு மைப்படி என்று பெயர். கல்வெட்டைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன் மேல் பரப்பி, மயிர்த்தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை ஒற்றினால் மேடான கல்பரப்பு கறுப்பாகவும் பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் தாளில் ஏறும். உலர்ந்ததும் உரித்து மடித்தால் சுவரளவு எழுத்து ஒரு பையில் கிளம்பிவிடும். 1904இல் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு கல்வெட்டுத் துறையின் கவனத்துக்கு வந்தது. பி.ஆர். பண்டார்கர் அதைப் பதிப்பித்து எழுதிய கட்டுரை ‘எபிகிராபியா இண்டிகா’வின் 12ஆம் தொகுதியில் வெளியானது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஓர் ஊரின் பாறையாக இருந்த பாடம் அதன் பிறகே உலகின் இசை ஆய்வாளர்கள் மேசைக்குப் போயிற்று. மடிக்கும் வித்தை வெறும் வசதியாக இல்லாமல் அறிவையே இடம்பெயர்த்த தருணம் அது. அதற்கான விலையும் உண்டு. பழைய மைப்படிகள் மடிப்புக் கோட்டில் பழுத்துப் பிளக்கின்றன. அந்தக் கோட்டில் ஓர் எழுத்து விழுந்திருந்தால் அது போனதுதான்.

திரை மடிந்த கதை இதற்கு மேல் தொடங்குகிறது. 1996இலேயே நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் புத்தகம் போலத் திறந்து உள்ளே அகன்ற திரையைக் காட்டியது. அதே ஆண்டு மோட்டோரோலாவின் ஸ்டார்டாக் சிப்பி போல மூடியது. இரண்டிலும் மடிந்தது உடல்தான். திரவப்படிகத் திரைக்குப் பின்னே விளக்கும் கெட்டிக் கண்ணாடியும் தேவை என்பதால் அது வளையாது. தானே ஒளிரும் ஓஎல்இடி புள்ளிகளைக் கண்ணாடிக்குப் பதில் பாலிஇமைடு என்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் படியவைத்தபோதுதான் வழி திறந்தது. 2013இல் வளைந்த திரைகள் வந்தன. 2018 இறுதியில் சீனாவின் ராயோல் நிறுவனம் ஃப்ளெக்ஸ்பை என்ற மடக்கு போனை வெளியிட்டது. அடுத்த பிப்ரவரியில் சாம்சங் தன் கேலக்ஸி ஃபோல்டை 1,980 டாலர் விலையில் அறிவித்தது.

ஏப்ரலில் விற்பனைக்கு வரவேண்டிய அது செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. சோதித்துப் பார்க்கக் கொடுத்த போன்களில் சில ஓரிரு நாளிலேயே பழுதாகின. திரையின் மேலிருந்த காப்புப் படலத்தைக் கடையில் ஒட்டும் உறை என்று நினைத்துச் சிலர் உரித்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் கீலின் முனையிலிருந்த சிறு இடைவெளி வழியே துகள் நுழைந்து திரைக்கு அடியில் புடைத்தது. பழுது வந்த இடம் எது என்று கவனித்தால் சுவடிக் கண்ணும் வரைபட மடிப்பும் நினைவுக்கு வராமல் போகாது.

2020 தொடக்கத்தில் வந்த சாம்சங்கின் இசட் ஃபிளிப்பில், சுமார் 30 மைக்ரோமீட்டர் கனமுள்ள, தலைமுடியின் பாதிக்கும் மெலிந்த கண்ணாடி பயன்பட்டது. கனத்தைக் குறைத்தால் இழுப்பு குறையும் என்ற ஓலைக் கணக்கு. அதற்குப் பின் வந்த பல கீல்கள் மறு பாதியைச் செய்கின்றன: போனை மூடும்போது திரை கூராக மடியாமல், கீலுக்குள் நீர்த்துளி வடிவில் ஒரு சிறு வளையமாகச் சுழிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மடிப்பு. உள்ளே நடப்பது சுருள். உண்மையில் அது முடங்கல். தாங்கும் வேலையை அடியிலுள்ள உலோகத் தகடும் கீலும் ஏற்க, காட்டும் வேலையை மட்டும் மேல்படலம் செய்கிறது. துணியில் ஒட்டிய வரைபடத்தின் பிரிவினையும் இதுவே. 2 லட்சம் முறை மடிக்கலாம் என்று தொடங்கிய உறுதிமொழி 2025இல் 5 லட்சமாக உயர்ந்தது. நாளுக்கு நூறு முறை திறந்து மூடுபவருக்கு முதல் எண்ணிக்கையே ஐந்தரை ஆண்டு தாங்கும். எனவே மடித்து மடித்தே ஒடிந்துவிடும் என்ற அச்சத்துக்கு இன்று பெரிய அடிப்படை இல்லை. தூசுதான் மிச்சமிருக்கும் எதிரி. பல மாதிரிகள் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகளுக்கு மட்டுமே தடை தருகின்றன. கல் குவாரிகளும் செம்மண் சாலைகளும் உள்ள மாவட்டத்தில் இது சின்னக் குறையல்ல. முழுத் தூசுக் காப்பு பெற்ற மடக்கு போனாகக் கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்ட் 2025இல்தான் அறிவிக்கப்பட்டது.

பயனைப் பேசும்போது இரு வகைகளையும் பிரித்துப் பார்ப்பது நியாயம். சிப்பி போல மடியும் வகை விரிந்தாலும் சாதாரண போன் அளவே. அது சட்டைப்பையில் இடம் மிச்சம் பிடிக்கிறது. எழுத்துக்கு ஒரு விரற்கடை இடம்கூடக் கூட்டித் தருவதில்லை. இத்தனை நூற்றாண்டு இழுபறியோடு அதற்குத் தொடர்பு குறைவு. புத்தகம் போல விரியும் வகைதான் அந்த இழுபறியைத் தீர்க்க முயல்கிறது. 2025 ஜூலையில் வந்த சாம்சங்கின் இசட் ஃபோல்ட் 7 மூடினால் 8.9 மில்லிமீட்டர் கனம், விரித்தால் 4.2; எடை 215 கிராம், சாதாரணப் பெரிய போனுக்கு நிகர். திரை 8 அங்குலம். 2024 செப்டம்பரில் ஹுவாவே மூன்றாக மடியும் மேட் எக்ஸ்டி-யையும் கொண்டுவந்தது. அதன் திரை 10 அங்குலத்துக்குச் சற்று மேல்.

விரிந்த திரை எந்த வேலைக்கு? விளம்பரம் காட்டுவது படம் பார்ப்பதை. அதுதான் பலவீனமான வாதம். விரிந்த திரை ஏறக்குறைய சதுரம், திரைப்படமோ நீள்சதுரம். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்துவிடுவதால் பரப்பு இரட்டித்தாலும் படம் இரட்டிப்பதில்லை.

மொய்க் கணக்கு இன்னொரு சோதனை. ஆலங்குடி வட்டாரத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் ஊர்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து இந்த மாவட்டத்தின் அடையாளங்களுள் ஒன்று. வங்கிக்குப் போகாமல் ஒருவருக்கொருவர் முதல் திரட்டிக் கொடுக்கும் முறை அது. கிடா விருந்தும் உண்டு. அதன் ஆதாரம் மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று எழுதிய அந்த நோட்டைப் பார்த்துத்தான் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும், மேலே எவ்வளவு கூட்டி வைப்பது என்று குடும்பம் முடிவெடுக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு பெயரைத் தேடுவது பெரும்பாடு. அண்மைக் காலத்தில் பல விருந்துகளில் கணினி வைத்து மொய் எழுதி, கையோடு ரசீதும் கொடுக்கிறார்கள். இங்கே வேலையை எளிதாக்கியது தேடும் வசதி. திரையின் அகலத்துக்கு அதில் பங்கில்லை. பெயரை அடித்தால் ஒரு வரி வருகிறது; ஒரு வரியைக் காட்டச் சாதாரண போனே போதும். முன்பு அகன்ற பரப்பைக் கேட்ட வேலைகளில் பலவற்றை இப்படித் தேடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மடக்குத்திரையை விற்பவர்கள் பேசாமல் விடும் செய்தி இது.

தேடலால் தீராத வேலைகளும் இருக்கின்றன. பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் இன்று அரசின் இணையச் சேவையில் இறக்கிக்கொள்ளும் ஆவணங்கள். 1980இல் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் பதவி ஒழியும்வரை அவர் பெட்டியில் இருந்த கணக்கு இப்போது யார் கையிலும் வரலாம். ஆனால் புலப்படத்தைச் சிறிய திரையில் பார்த்தால் எல்லைக் கோடு தெரியும்போது அளவு எண் தெரியாது. எண்ணைப் பெரிதாக்கினால் கோடு வெளியே ஓடிவிடும். பக்கத்துப் புல எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் வரப்பு வழக்கு புரியும். இங்கே அகலம் வேலை செய்கிறது. தமிழ் வாசிப்பிலும் அப்படியே. ஒட்டுகளும் உருபுகளும் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்கள் ஒடுங்கிய திரையில் வரிக்கு இரண்டோ மூன்றோதான் நிற்கும்; எழுத்தைப் பெரிதாக்கினால் ஒன்று. கண் மங்கிய வயதில் செய்தித்தாளைப் போனில் படிப்பவருக்கு இது தினசரிச் சிரமம். ஓலை நீளவாக்கில் இருந்ததால் வரி உடையாமல் ஓடிற்று. போன் நெட்டுக்குத்தாக நிற்பதால் வரி உடைந்துகொண்டே இருக்கிறது. விரியும் திரை அந்த இழப்பில் பாதியை மீட்டுத் தருகிறது.

எனவே பயன் இல்லை என்று சொல்வது தவறு; விலையைத் தள்ளிவைத்துப் பயனைப் பேசுவது அதைவிடத் தவறு. இசட் ஃபோல்ட் 7 இந்தியாவில் ₹1,74,999இல் தொடங்கியது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் கூலி நாளொன்றுக்கு ₹336. அந்தப் போன் 521 நாள் கூலி; ஆண்டுக்கு நூறு நாள் என்றால் ஐந்து ஆண்டுகளைத் தாண்டும். வரப்பைப் பார்க்க வேண்டியவரும் பெரிய எழுத்து வேண்டிய முதியவரும் அந்த விலைக்கு அருகில்கூட இல்லை. அவர்களுக்கு அதன் பத்தில் ஒரு பங்கு விலையில் ஒரு டேப்லெட் கிடைக்கிறது. பையில் அடங்காது, ஆனால் அகலம் முழுதாகக் கிடைக்கும். உலகில் விற்கும் திறன்பேசிகளில் மடக்குத்திரை கொண்டவை 2024இல்கூட நூற்றுக்கு இரண்டை எட்டவில்லை. பொருளின் இயல்பைவிட விலையே அந்தப் பங்கைத் தீர்மானித்தது எனலாம். சுவடி எழுதப் பனையோலை வேலியிலேயே கிடைத்தது. இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். மடிப்பு எளியவர் கைக்கு எட்டியபோதெல்லாம் வழக்கமாக ஊன்றியது. எட்டாதவரை செப்பேட்டைப் போல அரண்மனைப் பொருளாகவே நின்றது.

திரையின் அகலத்தைக் குடுமியான்மலையை வைத்தே அளந்துவிடலாம். 13 அடிக்கு 14 அடி என்ற அந்தப் பாறைப்பரப்பு ஏறத்தாழச் சதுரம். விரித்த இசட் ஃபோல்ட் 7, 158 மில்லிமீட்டருக்கு 143 மில்லிமீட்டர். அதுவும் ஏறத்தாழச் சதுரம். கல்வெட்டின் முழுப் படத்தையும் சாதாரண போனின் அகலத்துக்குள் நிறுத்தினால் 38 வரிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. கிரந்த எழுத்தின் வளைவுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். விரித்த திரையில் வரிக்கு மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் வருகிறது. அச்சுப் புத்தகத்தின் எழுத்தளவு அது. ஏழு பிரிவுகளும் ஒருசேரக் கண்முன் நிற்கும். சுரக் கோவையை மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடுவே மேலிருந்து கீழாக, விளக்கொளி சாய்ந்து விழும்போது மட்டும் தெரியும் ஒரு மெல்லிய பள்ளம் எல்லா வரிகளையும் வெட்டிக்கொண்டு ஓடும்.